வழியை மறிக்கும் உரிமை

2024 மார்ச் 1 அன்று ‘டியூன்’ படத்தின் இரண்டாம் பாகம் திரைக்கு வந்தது. மார்ச் 6 அன்று ஏடன் வளைகுடாவில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ என்ற சரக்குக் கப்பலை ஹூதிகளின் ஏவுகணை தாக்கியது. மாலுமிகள் மூவர் இறந்தார்கள்; இருவர் பிலிப்பைன்ஸ்காரர், ஒருவர் வியட்நாமியர். காஸாவுக்காக அடிக்கிறோம் என்றது வட யேமனின் சைதிக் குடிகளிடையே எழுந்த அந்த இயக்கம். காஸாவில் குண்டு போட்டவர்கள் இந்த மூவரல்லர். அந்தப் படத்தில் பாலைவனக் குடிகள் பேரரசின் வணிகத்தின் கழுத்தைப் பிடித்தபோது திரையரங்கில் கைதட்டியவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

நொந்தவனே ஆனாலும், பொதுவழியை மறித்து வழிப்போக்கன் உயிரைப் பணயம் வைப்பது அறமாகாது.

படத்துக்கு மூலமான, ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘டியூன்’ நாவலில், ஸ்பைஸ் என்னும் பொருள் அராக்கிஸ் என்ற வறண்ட கோளில் மட்டுமே கிடைக்கிறது. விண்கலம் செலுத்தும் கில்டின் வழிகாட்டிகளுக்கு அதை உட்கொண்டால்தான் பாதை தெரியும். அந்த மண்ணில் வாழும் ஃப்ரீமென் குடிகளை ஹார்கோனன் வம்சம் எண்பது ஆண்டு வதைத்தது. அவர்கள் சினம் நியாயமானது. அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் கதையின் நாயகன் பால் அட்ரெய்டீஸ் வருமுன் அக்குடிகள் வழியை மறித்ததில்லை. கில்டுக்கே ஸ்பைஸை லஞ்சமாகக் கொடுத்து, தங்கள் நிலத்துக்கு மேலே கண்காணிப்புக் கோள் பறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். லஞ்சம் தப்புதான், இருந்தாலும் ஊரார் உயிர் அதில் பணயமாகவில்லை. பாலோ ஸ்பைஸ் விளைவதையே அடியோடு அழித்துவிடுவேன் என்று மிரட்டி அரியணை ஏறினான். எங்கோ ஒரு கோளில், அராக்கிஸின் பெயரையே கேட்டிராத உழவன் தலைமேலும் அந்தக் கத்தி தொங்கியது.

நம் முன்னோர் இதில் தடுமாறியதில்லை. குடிகளை வருத்திப் பொருள் கேட்கும் மன்னனைப் பழிக்க வள்ளுவர் தேடிய உவமை, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன். மன்னனின் கொடுமைக்கே அவன்தான் அளவுகோல் என்றால் அவனுக்கு எங்கே மன்னிப்பு? இளந்திரையனைப் புகழும் பெரும்பாணாற்றுப்படை, வழிச்செல்வோரைத் தாக்கிப் பறிப்பவர்கள் அவன் நாட்டில் இல்லை என்பதைச் சொல்லாமல் விடவில்லை. பாலைக்கலியின் கள்வர்கள் இன்னும் கொடியவர்கள். பறிக்க எதுவும் இல்லாதவனையும், அவன் துடிப்பதைக் காண்பதற்காகவே கொல்வார்கள்.

பேரரசும் கொள்ளைக்காரன்தானே என்பார்கள். இருக்கட்டும். அவன் கொள்ளையடித்ததால் நானும் அடிப்பேன் என்பவன், தன் குலத்தின் மானத்தை எதிரியின் கையில் கொடுத்துவிடுகிறான். வலியவனிடம் அடிபட்டவனுக்கு, தன்னினும் எளியவனை அடிக்கும் உரிமையை எந்த அறநூல் கொடுத்தது?

கைதட்டியவர்கள் 1969இல் வந்த அடுத்த நாவலையும் படிக்க வேண்டும். பாலின் பெயரால் ஃப்ரீமென் நடத்திய புனிதப் போரில் மாண்டவர்கள் 6,100 கோடி. கணக்குச் சொல்பவன் பாலேதான். அவர்களில் ஹார்கோனன்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?