நம்பத்தக்கவர் யார்?

உண்மையை எடுத்துச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? கேட்பவர் அதை ஏற்க மறுத்தால் குறை யாரிடம் உள்ளது? நம் நாடு இளம்பிள்ளை வாதத்தை வென்ற வரலாறு இக்கேள்விகளை நம்முன் வைக்கிறது.

1995ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் முகாம்கள் அமைத்துப் போலியோ சொட்டு மருந்து வழங்கப்பட்டு வந்தது. ஆயினும் 2002இல் இந்தியாவில் 1,600 பேர் அந்நோய்க்கு ஆளாயினர்; அவர்களுள் 1,200க்கும் மேற்பட்டோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில், குறிப்பாக ஏழை முஸ்லிம் குடியிருப்புகளில், பெற்றோர் பலர் மருந்தை மறுத்தனர். அது குழந்தைகளை மலடாக்கிவிடும் என்ற வதந்தி அங்கே பரவியிருந்தது. மருந்து பெறாத குழந்தை உள்ள வீட்டின் சுவரில் பணியாளர்கள் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறியிட்டுச் சென்றனர்.

இதனை 'அறியாமை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் மட்டும், நாட்டில் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றுள் பல வற்புறுத்திச் செய்யப்பட்டவை. முசாபர்நகரில் எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. அந்த நாட்களைக் கண்டவர்களே பின்னர்ப் பாட்டன் பாட்டியராய் வீட்டில் இருந்தனர். வதந்தி பொய், அது வேரூன்றிய அச்சமோ பொய்யன்று.

அவர்கள் கேட்ட மற்றொரு கேள்வியும் உண்டு: "காய்ச்சலுக்கு மருந்து கிடைப்பதில்லை, தெருவில் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. இந்த இரண்டு சொட்டுக்காக மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறீர்கள்?" இதற்கு விடை உண்டு. நெரிசலும் வயிற்றுப்போக்கும் மிகுந்த இடங்களில் ஒரு தவணை தரும் பாதுகாப்பு குறைவு. எனவே பல தவணைகள் தேவைப்பட்டன. ஆனால் விடையைச் சொல்பவர்மீது நம்பிக்கை இல்லாதபோது, விடை செவியோடு நின்றுவிடுகிறது.

நியாய தரிசனம் நம்பத்தக்கவரின் சொல்லையும் அறிவுக்குரிய பிரமாணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. அத்தகையவரை அது 'ஆப்தர்' என்கிறது. உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் அவருக்கு மூன்று இலக்கணங்களைக் கூறுகிறார்: பொருளை நேரே அறிந்திருத்தல், உயிர்களிடத்தில் கருணை, உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம். ரிஷியோ எளிய மனிதரோ, அயலாரோ, எவருக்கும் இவ்விலக்கணம் பொது என்றும் அவர் கருதுகிறார். சொட்டு மருந்துப் பணியில் முதல் இலக்கணம் இருந்தது. இரண்டாவதை மக்களால் காண முடியவில்லை.

நிலைமை மாறியதும் அந்த இடத்தில்தான். அதே தெருவில் வாழ்ந்த பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றனர். தாய்ப்பால், கைகழுவுதல், பிற தடுப்பூசிகள் ஆகியவற்றைப் பற்றியும் பேசினர். மசூதிகளிலிருந்து அறிவிப்புகள் ஒலித்தன. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனங்கள் துணை நின்றன. மருந்தைக் கொண்டுவந்த கை மாறியது. 2011 ஜனவரி 13க்குப் பின் இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் எந்தக் குழந்தையும் நோயுறவில்லை. 2014 மார்ச் 27இல் அதற்கான சான்றும் கிடைத்தது.

பெற்றோருக்குப் பொறுப்பே இல்லை என்பது இதன் பொருளன்று. ஐயுறுதல் குற்றமாகாது, ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள முயலாமல் அதிலேயே தங்கிவிடுவது குற்றம். ஏனெனில் அதற்குரிய விலையைத் தருவது பெற்றோர் அல்லர், தன் விருப்பத்தைச் சொல்லத் தெரியாத குழந்தை. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது தமிழகத்திலும் கைபேசி வழியாக வதந்திகள் பரவின. படித்தவர்களும் அவற்றைப் பிறருக்கு அனுப்பினர்.

எனவே இருவருக்கும் ஒரு கேள்வி உண்டு. கேட்பவர், "இதைச் சொல்பவர் அறிந்து சொல்கிறாரா?" என்று ஆராய வேண்டும். சொல்பவரோ, "என் கருணை இவருக்குத் தெரியும்படி நான் வாழ்ந்திருக்கிறேனா?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கதவு திறப்பதற்கு இவ்விரண்டும் தேவை.