தலைக்கு ஆயிரம் பவுன்

1987 பிப்ரவரியில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றார்கள். சிலர் உடைகளைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு ஓடுதளத்தில் நின்றார்கள். வேறு எந்தத் தாளும் செல்லாதபோது உடம்பையே மனுவாகக் கொடுத்தார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. நீதிமன்றம் தலையிட, அனுப்புவது நின்றது.

அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். உரிய பயணத்தாள் இல்லாதவரை ஏற்றிவரும் விமான, கப்பல் கம்பெனிகள் தலைக்கு ஆயிரம் பவுன் கட்ட வேண்டும். 1991இல் அது இரண்டாயிரம் ஆயிற்று.

இதன் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். உயிர்தப்பி வருகிறவனை, முறைகேடாக நுழைந்தான் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கை. பிரிட்டன் அதில் கையெழுத்திட்ட தேசம். அகதியை அது தண்டிக்கவில்லை. அவனை ஏற்றிவந்தவனைத் தண்டித்தது. ஹீத்ரோவில் ஒருவனைத் திருப்பி அனுப்பினால் புகைப்படமாகும், வழக்காகும். கொழும்பில் ஒரு கௌண்டரிலேயே திருப்பிவிட்டால் அந்தக் காரியத்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

அந்தக் கௌண்டரில் இருப்பவன் ஒரு குமாஸ்தா. பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறான், விசா இல்லை, தலையை அசைக்கிறான். அவனுக்கு யாரோடும் பகை இல்லை. நானும் கௌண்டருக்குப் பின்னால் உட்காருகிறவன்தான். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பதில் உள்ள நிம்மதி எனக்குத் தெரியும்; ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நான் திருப்பிய செக்கோடு ஒருவர் மறுநாள் வரலாம். அவன் திருப்பியவனுக்கு மறுநாள் உண்டா என்பது அவன் வேலையில் சேர்ந்ததல்ல. அதிகார வர்க்கத்தின் ஆட்சியை யாருமற்றவரின் ஆட்சி என்றார் ஹன்னா அரென்ட். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. யாருமற்ற ஆட்சிக்கும் கடைசியில் ஒரு கை வேண்டியிருக்கிறது. இங்கே அந்தக் கைக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி.

அப்படியானால் அரசு கம்பெனியை நெருக்குவதே அதர்மம் என்று சொல்லிவிடலாமா? 2025இல் அமெரிக்காவில் ஆவெலோ என்ற விமானக் கம்பெனி, நாடுகடத்தப்படுகிறவர்களை ஏற்றிச்செல்ல மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. கனெக்டிகட் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் வில்லியம் டாங் அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னார். நீதிமன்ற உத்தரவை மீறி யாரையும் ஏற்ற மாட்டோம் என்று உறுதி தருவீர்களா என்றும் கேட்டார். மாநிலம் தரும் எரிபொருள் வரிச்சலுகையும் பேச்சில் அடிபட்டது. 2026 ஜனவரியில் கம்பெனி விலகிக்கொள்வதாக அறிவித்தது. சொன்ன காரணம், வருமானம் போதவில்லை, நிலையாகவும் இல்லை என்பது. பேரேட்டில் மனசாட்சிக்கு என்று ஒரு பத்தி கிடையாதுதானே.

இரண்டும் ஒரே பிரம்புதானே என்றார் நண்பர் ஒருவர். பிரம்பு ஒன்றுதான். ஆனால் ஹர்டின் சட்டம் கம்பெனியை நீதிபதியாக்கியது, அதுவும் மேல்முறையீடு இல்லாத நீதிபதியாக. டாங் கேட்டது, நீதிபதி ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்காதே என்பதை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரம்பு யார் கைக்கு எப்போது போகும் என்ற அவருடைய பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இந்தக் கரைக்கு அது தெரிந்த விஷயம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, வாடகைக்குக் கப்பல் தந்தவர்களை நெருக்கிப் பின்வாங்க வைத்தார்கள் வெள்ளைக்காரர்கள்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மன்னாரிலிருந்து ஆட்களைத் தோணியில் ஏற்றியவன் யாரிடமும் விசா கேட்டதில்லை. தலைக்கு இவ்வளவு என்று அவனும் வாங்கினான். சிலரைக் கரைவரை கொண்டுவராமல், தனுஷ்கோடிக்கு எதிரே மணல்திட்டில் இறக்கிவிட்டு, இருட்டோடு திரும்பியதும் உண்டு.