பூசையில் ட்ரோனை வைக்கலாமா?



கடந்த நவராத்திரியின் நிறைவு நாளன்று, மிச்சத்தில் ஆயுத பூசைக்குரிய ஒழுங்குகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்துகொண்டிருந்தோம். பாடப் புத்தகங்கள், மிருதங்கம், வயலின், கட்டட வேலை செய்யும் அன்பர் ஒருவரின் சுத்தியல், கடை வைத்திருப்பவரின் கணக்குப் புத்தகம், இரண்டு மடிக்கணினிகள் என்று வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தது. அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தனது பிறந்தநாளுக்குக் கிடைத்த சிறிய ட்ரோனைக் கொண்டுவந்து, "ஐயா, இதையும் வைக்கலாமோ?" என்று கேட்டான். கேட்டதோடு நில்லாமல், மண்டபத்துக்குள் அதை ஒருமுறை எழுப்பியும் காட்டினான்.

பூத்தட்டோடு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா அந்த இரைச்சலைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "அதை நிப்பாட்டுங்கோ ராசா" என்று மட்டும் சொன்னார். அவர் 2009இல் வன்னியில் இருந்தவர்.

பிறகு பெரியவர்களிடையே வாக்குவாதம் எழுந்தது. "கலியாண வீட்டிலை படம் பிடிக்கிற சாமான்தானே, வைக்கட்டும்" என்றார் ஒருவர். "சனத்தைக் கொல்லுற சாமானைச் சாமிக்கு முன்னாலை வைக்கிறதோ?" என்றார் மற்றவர். முடிவு எட்டப்படவில்லை. பையன் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டான். அவனுக்கு நாம் ஒரு பதில் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன்.

"கத்தியில் பாவமில்லை, பிடிக்கிற கையில்தான் பாவம்" என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. எமது மொழியில் ஆயுதம் என்ற சொல் வாளையும் குறிக்கும், தச்சரின் உளியையும் குறிக்கும். அதனால் இந்த விடை எமக்கு இலகுவாக வந்துவிடுகிறது. ஆனால் இன்றைய போர்க்களங்களில் மிகப் பழைய, மிக எளிய பொருட்கள் ட்ரோன்களோடு சேர்ந்தும் அவற்றுக்கு எதிராகவும் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கும்போது, இந்த விடை போதாது என்று தோன்றுகிறது.

முதலில் மீன்வலை. பழைய உரோமாபுரி அரங்குகளில் வலையும் முச்சூலமும் ஏந்திப் பொருதிய வீரர்கள் இருந்தார்கள்.  இன்று உக்ரேனில், கெர்சோன் போன்ற நகரங்களின் வீதிகளுக்கு மேலே பந்தல்போல வலை கட்டியிருக்கிறார்கள். குண்டைச் சுமந்து வரும் சிறிய ட்ரோனின் விசிறிகள் வலையில் சிக்கினால் அது கீழே உள்ளவரை அடைய முடியாது. வானொலி அலைகளைக் குழப்பி ட்ரோனை வீழ்த்தும் முறை முன்பு பயன்பட்டது. பிறகு தலைமுடி போன்ற கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. கட்டளை அந்த இழை வழியே போவதால் அலையைக் குழப்பிப் பயனில்லை. எனவே வலைக்கு மதிப்புக் கூடியது. 2025இல் பிரான்சின் பிரிட்டனிக் கரையோர மீனவர்களின் பழைய வலைகளும் உக்ரேனுக்கு அனுப்பப்பட்டன. பழைய வலையைக் கோழிக்கூட்டுக்கும் தோட்ட வேலிக்கும் கட்டிய எம்மவருக்கு இது விளங்காத சங்கதியல்ல.

அடுத்தது இரும்பு முள். நான்கு கூர்களைக் கொண்ட இதை எப்படி எறிந்தாலும் ஒரு கூர் மேல்நோக்கியே நிற்கும். குதிரைப்படையைத் தடுக்க ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கையாளப்பட்டது. இலத்தீனில் இதன் பெயரும் எமது நெருஞ்சிச் செடியின் பெயரும் ஒன்றே. இன்று இதை ட்ரோன்கள் இரவில் வீதிகளில் தூவிச் செல்கின்றன. சில்லுக் காற்றுப் போய் நிற்கும் வாகனம் அடுத்த ட்ரோனுக்கு எளிய இலக்கு. ஆனால் நெருஞ்சி முள்ளுக்குக் கால் யாருடையது என்று தெரியாது. போர் ஓய்ந்த பிறகு அந்த வழியே வரும் உழவனின் வண்டியையும் அது விடாது.

பறவைகளையும் விடவில்லை. 2022 நவம்பரில், உத்தரகண்ட் மாநிலத்தின் ஔலியில் நடந்த இந்திய அமெரிக்கப் படைகளின் கூட்டுப் பயிற்சியில், ட்ரோனைத் தாக்கப் பழக்கிய பருந்து ஒன்று காட்டப்பட்டது. அதற்கு இட்ட பெயர் அர்ஜுன். குருச்சேத்திரத்து அருச்சுனன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, இது தகுமா என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்கப் பருந்துக்கு வழியில்லை. அதற்காகக் கேட்கவேண்டியவர் அதைப் பழக்கியவரே.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என்று எண்ணவேண்டாம். நாம் வாழும் இந்தத் தென் இலண்டன் இதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. 1944 ஜூன் 13ஆம் திகதி முதல், ஜேர்மனியின் வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் இலண்டனில் விழத் தொடங்கின. எமது அயலான குரொய்டனில் மட்டும் 140க்கு மேற்பட்டவை விழுந்தன. இலண்டனின் வேறெந்தப் பகுதியிலும் இத்தனை விழவில்லை. இந்நாட்டில் 6,000க்கு மேற்பட்டோர் இவற்றால் மாண்டனர். அவற்றைத் தடுக்கக் கையாண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது: நகருக்குத் தென்கிழக்கே பெரிய பலூன்களை நூற்றுக்கணக்கில் ஏற்றி, அவற்றிலிருந்து இரும்புக் கம்பிகளைத் தொங்கவிட்டார்கள். 200க்கு மேற்பட்ட குண்டுகள் அந்தக் கம்பிகளில் மோதி விழுந்தன. விழுந்தவை வேறொருவரின் வயலிலோ ஊரிலோதான் விழுந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. கேடயத்துக்குக் கீழேயும் யாரோ நிற்கிறார்கள்.

அந்தக் குண்டுக்கு இலண்டன் மக்கள் வைத்த பட்டப்பெயர் 'டூடில் பக்', அதாவது ஒரு பூச்சியின் பெயர். வன்னி மக்கள் தமக்கு மேலே சுற்றிய வேவு விமானத்துக்கு வைத்த பெயர் 'வண்டு'. மொழி வேறு, காலம் வேறு. ஆயினும் மேலே பார்த்தபடி நின்றவர்களின் காதுக்கு ஒரே இரைச்சல்தான் கேட்டிருக்கிறது.

பூசை முடிந்த பிறகு அந்த அம்மாவோடு பேசினேன். "வண்டு சுத்தினால் அடுப்பு மூட்டமாட்டம், புகை தெரியும் எண்டு பயம். பங்கருக்கு மண்மூட்டை வேணும், சாக்கு இல்லை. சீலையளை வெட்டித் தைச்சனாங்கள். கடைசியிலை என்ரை கூறைச் சீலையையும் வெட்டினன்" என்றார். வானத்தில் கமெரா பூட்டிய விமானம். தரையில் மண் நிரப்பிய கூறைச் சீலை. பழைய எளிய பொருள் புதிய போருக்கு முகங்கொடுத்த கதைக்கு எமக்கு வேறு நாட்டு உதாரணமே தேவையில்லை.

அந்த வண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அரசாங்கம் தனது சொந்தப் புலனாய்வு வழிகளாலும் ஐ.நா.வும் செஞ்சிலுவைச் சங்கமும் கொடுத்த அறிவித்தல்களாலும் பாதிப்பை அறிந்திருந்தும், தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீது எறிகணை வீசியது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கூறியது. மக்களை வெளியேற விடாது தடுத்ததாக விடுதலைப் புலிகளையும் அதே அறிக்கை குற்றஞ்சாட்டியது. பழைய காலத்தில், எதிரியைக் காணாததால் தவறு நேர்ந்தது என்று சொல்ல இடமிருந்தது. எல்லாவற்றையும் காணும் கருவி வந்த பிறகு அந்தச் சாட்டு செல்லாது. கண்டவனுக்குப் பொறுப்புக் கூடுகிறது. ட்ரோன் எம்மீது சுமத்தும் புதிய தர்மம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆகவே 'யார் கையில்' என்ற ஒரு கேள்வி போதாது. இன்னும் இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இதன் கீழே நிற்பவர் யார் என்று பார்த்தாயா? காரியம் முடிந்த மறுநாள் இது எதை மிச்சம் வைக்கும்? வீதிக்கு மேலே கட்டிய வலையைக் கழற்றினால் அது திரும்ப வேலிக்காவது உதவும். தூவிய முள்ளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கவேண்டும். வெட்டிய கூறை திரும்பக் கூறையாகாது. சூரசங்காரத்தில் வேல் பிளந்த பின் மிஞ்சியவை மயிலும் சேவலும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பகைவனும் வாழ இடம் கிடைத்ததாலேயே அந்த வேலை வணங்குகிறோம்.

எமது ஊரின் பெயரை வைத்து நாம் பகிடி விடுவதுண்டு: எல்லாம் போய், கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்தது மிச்சத்துக்கு என்று. அந்தப் பகிடிக்குள் உண்மையும் இருக்கிறது. நாம் ஒரு போரின் மிச்சம். ஆகையால் இந்தக் கேள்வியைக் கேட்க எமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

தம்பி, வருகிற நவராத்திரிக்கு உன் ட்ரோனைக் கொண்டுவா. வைக்கலாம். ஆனால் அதற்கு முன் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, வண்டின் கதையை ஒருமுறை கேள். அதை மண்டபத்துக்குள் பறக்கவிடுவதா இல்லையா என்பதைப் பிறகு நீயே தீர்மானிப்பாய்.