காற்று நாளில் சீலம்



ஆனி கழிந்து ஆடி பிறக்கும் நாளில் காற்றின் வலிமையைக் குறித்து உங்கட்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். சித்தூரில் ஓட்டுக் கூரைகள் அசைகின்றன. திருப்பதிச் சாலையில் புழுதி எழுந்து வழிநடப்போர் கண்ணை மறைக்கின்றது. இல்லறத்தார் கதவைச் சாத்திக்கொள்ளும் இக்காற்றை, எப்பொழுது வருமோ என்று எதிர்பார்த்திருக்கும் ஒரு கூட்டத்தாரும் உலகில் உண்டு. அவர்கள் பாய்ப்படகுப் பந்தயக்காரர்கள். தம்ம மேடையில் படகுப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று கேட்பீராயின், அதை நம்மிடம் கொண்டுவந்தவரே நம் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் உபாசகர்தாம்.

அவருடைய மகன் ஐதராபாத்தில் வேலையில் இருக்கிறான். மகனைக் காணச் சென்ற அவர், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் உசேன் சாகர் ஏரிக்கரையில் நின்று, ஏரி நடுவே எழுந்தருளியிருக்கும் புத்தபிரானின் சிலையைக் கைகூப்பி வணங்கினார். அவ்வேளையில் நீரெங்கும் பாய் விரித்த சிறு படகுகள் விரைந்துகொண்டிருந்தன. பலத்த காற்று. சில படகுகள் கவிழ்வதும் மீண்டும் நிமிர்வதுமாக இருந்தன. கரையில் நின்றோர் ஆரவாரித்தனர். ஊர் திரும்பியதும் அவர் நம்மிடம் வந்து, “ஐயா, பகவான் நிற்கும் நீரில் இப்படி வேடிக்கைப் பந்தயம் விடுகிறார்களே, இது அடுக்குமா?” என்று மனம் நொந்து வினவினார்.

அடுக்கும் என்பதே நம் விடை. போயா நாளில் எட்டுச் சீலம் ஏற்றவர் காட்சிகளைக் காணச் செல்லலாகாது. அது வேறு செய்தி. ஆனால் அப்பந்தயத்தின் விதிகளைக் கேட்டறிந்த பின், புத்தபிரான் பார்த்திருக்கத் தக்க விளையாட்டு ஒன்று உண்டாயின் அது இதுவே என்று நமக்குத் தோன்றிற்று.

முதலில் அச்சிலையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். உசேன் சாகர் 16-ஆம் நூற்றாண்டில் குதுப்சாகி மன்னர் காலத்தில் அமைந்த ஏரி. அதன் நடுவில் புத்தர் சிலை நிறுவ வேண்டும் என்பது என்.டி. ராமராவ் முதலமைச்சராயிருந்தபொழுது கொண்ட எண்ணம். ராயகிரியில் ஒரே பாறையில், எஸ்.எம். கணபதி ஸ்தபதியின் தலைமையில், 58 அடி உயரத்தில் உருவம் செதுக்கப்பட்டது. 1990-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் அதை மிதவையில் ஏற்றி ஏரி நடுவே கொண்டு செல்கையில் மிதவை சாய்ந்தது. சிலை நீருள் மூழ்கிற்று. உடன் சென்றவருள் பலர் மாண்டனர். இரண்டு ஆண்டுக்கு மேல் சேற்றில் கிடந்த சிலை மேலே எடுக்கப்பட்டு, 1992 டிசம்பர் 1-ஆம் நாள் பீடத்தில் நிறுத்தப்பட்டது. யந்திரச் சாலையில் உழைத்து வயிறு வளர்த்த நமக்கு, அச்சிலையை நினைக்கும்போதெல்லாம் முதலில் நெஞ்சில் நிற்பவர் அந்நீரில் மாண்டவர்களே. வணங்கச் செல்வோர் அவர்களுக்கும் ஒரு கணம் தலை குனிதல் தகும். அந்நீர் வேடிக்கையான நீரன்று. படகோட்டும் பிள்ளைகளும் அதை அறிவர்.

நம் பக்கத்தார்க்குப் பாய்ப்படகு அவ்வளவு பழகிய பொருளன்று. திருமலைப் புஷ்கரிணியில் தெப்போற்சவம் கண்டிருப்பீர்கள். தெப்பத்துக்குப் பாய் இல்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் தனியாக அமைந்தபொழுது சூளூர்ப்பேட்டைப் பகுதி அதில் சேர, பழவேற்காட்டு ஏரியின் வடபாகம் நம் மாவட்டத்ததாயிற்று. அங்கே மீனவர் பாய் விரித்தது பிழைப்புக்காக. பந்தயத்தின் முறை இதுதான்: நீரில் மிதவைகளை நிறுத்தி வைப்பர், படகுகள் அவற்றை முறைப்படி சுற்றிவர வேண்டும். துடுப்பு இல்லை, யந்திரம் இல்லை. காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசை நோக்கி நேரே எப்படகும் செல்லலாகாது. ஆகலின் வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பி, கோணல் வழியிலேயே காற்றின் வாயை அடைவர். இப்படகுகளில் மிகச் சிறியது சிறுவர் ஓட்டும் ஆப்டிமிஸ்ட். ஏழேமுக்கால் அடி நீளம், 35 கிலோ எடை. இளைஞர் ஓட்டும் லேசர் என்னும் படகு 59 கிலோ எடையுடையது; அதன் பாயோ 7 சதுர மீட்டர். ஓட்டுபவர் தம் உடலையே எதிர்ப்பாரமாகக் கொண்டு, படகின் விளிம்புக்கு வெளியே நீரின்மேல் சாய்ந்து கிடக்கிறார். பாயின் கயிற்றை இறுகப் பிடித்தால் படகு கவிழும்; தளரவிட்டால் பாய் படபடத்துப் படகு நின்றுபோகும். இராட்டைக் கதிரில் நூலின் முறுக்கை விரலால் உணர்ந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

செல்வர் விளையாட்டு என்று இதனை ஒதுக்குவாரும் உளர். பெரும்பாலும் அது மெய்யே. ஆயினும் நம் சித்தூருக்கு அண்டையிலுள்ள வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் இராணுவ வீரர் ஒருவரின் மகன். தாமும் இராணுவத்தைச் சேர்ந்தவர். 2023-இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் இப்படகோட்டத்தில்தான் வெண்கலம் பெற்றார். ஐதராபாத்திலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றும் படகுச் சங்கம் உண்டு. நம் உபாசகர் கண்ட படகுகளில் கூலிக்காரர் பிள்ளைகள் இருந்திருக்கக் கூடும்.

இனி நாம் சொல்ல வந்த விதிக்கு வருவோம்.

மிதவையைச் சுற்றும்போது படகு அதன்மேல் படலாகாது. பட்டுவிட்டால் தண்டனை உண்டு. தண்டனையை விதிப்பவர் யார்? பட்டவரே. அவர் மற்றப் படகுகளை விட்டு விலகி, உடனே தம் படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகுதான் மேலே செல்லவேண்டும். பிறர் வழியை மறித்த குற்றமாயின் இரண்டு சுற்று. நடுவர் இல்லாமலில்லை, உடம்பை ஆட்டிப் படகைத் தள்ளுவாரைக் கண்டு சீழ்க்கை ஊதி மஞ்சட் கொடி காட்டுவோர் உண்டு. ஆயினும் பரந்த நீரில் ஒவ்வொரு படகின் பின்னும் ஒரு கண் செல்ல இயலாது. மிதவையில் பாய்க்கட்டை உராய்ந்ததை அலையிரைச்சலில் எவரும் கேளார். பட்டவன் அறிவான், அவனன்றி வேறு சாட்சியில்லை.

காற்றில்லாத நாளில் இச்சுற்று எளிது. பத்துப் பதினைந்து நொடி போகும், அவ்வளவே. காற்று மிக்க நாளிலோ கதை வேறு. ஒரு முழுச் சுற்றில் படகு ஒருமுறை காற்றுக்கு முகங்காட்டித் திரும்ப வேண்டும். மற்றொரு முறை காற்றுக்கு முதுகுகாட்டித் திரும்ப வேண்டும். முதுகுகாட்டித் திரும்பும் அக்கணத்தில் பாய்க்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தலைக்கு மேலே வீசிப் பாயும். பலர் கவிழ்வது அங்கேதான். ஆகவே பலத்த காற்றில் தன் குற்றத்துக்குத் தானே சுற்றுபவன், இழக்கப்போவது சில நொடி மட்டுமன்று. நீரில் விழுந்து, படகை நிமிர்த்தி, கடைசியாகக் கரைசேரவும் நேரலாம். எவரும் பார்க்கவில்லை என்ற எண்ணமும் அதே கணத்தில்தான் தோன்றும்.

சீலத்தைப் பற்றி நாம் இத்தனை ஆண்டு பேசியதில், இந்த ஒரு சுற்றுக்கு நிகரான உவமை நமக்குக் கிடைத்ததில்லை. கொடாததைக் கொள்ளேன் என்று பௌர்ணமிதோறும் உரைக்கிறோம். வயிறு நிறைந்து, வாடகை கொடுத்து, கையில் காசிருக்கும் நாளில் உரைப்பது காற்றில்லாத ஏரியில் படகோட்டுவது போன்றது. பேறு, இழப்பு, புகழ், இகழ், ஏற்றம், தாழ்வு, இன்பம், துன்பம் என ததாகதர் காட்டிய உலகியல்பு எட்டும் எட்டுத் திக்கிலிருந்தும் வீசும் நாள் ஒன்று வரும். சீலம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியும்.

நாம் பஞ்சாலையில் நூற்பு இலாகாவில் இருந்த காலத்தில் எம்மோடு ஒரு தொழிலாளி வேலை செய்தார். ஒருநாள் 40-ஆம் நம்பர் நூல் பாபின்களோடு சற்றே மெல்லிய நம்பர் பாபின்கள் சில கலந்து போயின. ஆலைக்குள் அது கண்ணுக்குத் தெரியாது; நெய்து சாயமேற்றிய பின்னரே துணியில் பட்டை விழும். அதற்குள் நூல் எந்த ஊருக்குப் போயிருக்குமோ! அவர் தாமே மேஸ்திரியிடம் சென்று, “கலந்தது என் கை” என்றார். ஒருநாள் கூலி பிடிக்கப்பட்டது. அந்த மாதம் அவர் மகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டவேண்டிய மாதம். மற்றவர்கள் அவரைப் பித்தன் என்றார்கள். நெடுநாள் அப்பெயரே அவருக்கு நிலைத்தது. மேஸ்திரியும் அவரைப் பாராட்டியதில்லை. பின்னர் அவர்க்கு நன்மை விளைந்தது என்று கதை முடித்தால் உங்கள் உள்ளம் குளிரும். விளைந்ததாக நாம் அறியோம். அவர் சுற்றினார், மற்றப் படகுகள் கடந்து போயின.

பாராட்டப் பெற்றவரும் உண்டு. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கின் படகோட்டம் பூசான் துறைமுகத்தில் நடந்தது. செப்டம்பர் 24-ஆம் நாள் கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ என்பவர் தம் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தார். காற்று மிஞ்சி, மணிக்கு 35 கடல் மைல் வேகத்தை எட்டிற்று. அஃதாவது ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வேறொரு பந்தயத்தில் இருந்த சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, ஒருவர் படகைப் பற்றிக்கொண்டிருக்க மற்றவர் அலையில் அடித்துச் செல்லப்படுவதை அவர் கண்டார். பதக்கத்தை நோக்கிய வழியை விட்டுத் திரும்பினார். இருவரையும் காத்து, காவற்படகு வரும்வரை உடனிருந்து, பின்னர் பந்தயத்தைத் தொடர்ந்து பின்தங்கி முடித்தார். நடுவர்கள் அப்பந்தயத்தில் அவர்க்கு இரண்டாம் இடமே அளித்தனர். முடிவுக் கணக்கில் அவர் 11-ஆம் இடம். ஒலிம்பிக் இயக்கம் அவர்க்குச் சிறப்புப் பதக்கம் சூட்டிற்று. இடரில் உள்ளவர்க்கு உதவுக என்பதே அப்பந்தய விதிநூலின் முதல் விதி என்று அறிந்தபொழுது, கருணையை முதலில் வைத்த நூல் ஒன்றைக் கண்ட மகிழ்ச்சி நமக்கு உண்டாயிற்று. ஆலைத் தொழிலாளிக்குப் பதக்கம் தருவார் இல்லை என்பதும் அப்பொழுதே நினைவுக்கு வந்தது.

பிறர் குற்றத்தை எடுத்துக்காட்டவும் அங்கே முறை உண்டு. ஒருவன் விதியை மீறிவிட்டான் என்று கருதுபவன், அவ்விடத்திலேயே அவன் செவியில் விழும்படி உரக்கக் கூவி, தன் மறுப்பை அறிவிக்க வேண்டும். கரையேறிய பின் எழுதிக் கொடுக்க வேண்டும். மாலையில் இருவரையும் நேரில் வைத்தே விசாரணை நடக்கும். நீரில் வாய்திறவாதிருந்து, கரையில் தேநீர்க்கடையில் பேசுவதற்கு அங்கே மதிப்பில்லை. நம் பிக்கு சங்கத்திலும் இதற்கு இணையான முறைகள் உண்டு. பிராதிமோட்சம் ஓதும் உபோசத நாளில் தம் குற்றத்தைத் தாமே உரைப்பர். மழைக்காலத்து மூன்று மாத வாசம் முடியும் பவாரணை நாளிலோ, என்பால் கண்டது, கேட்டது, ஐயுற்றது எதுவாயினும் கூறுக என்று ஒவ்வொருவரும் மற்றவரை வேண்டிக்கொள்வர். முன்னது தானே சுற்றுவது; பின்னது பிறர் கூவலுக்குச் செவி கொடுப்பது.

இவற்றை நாம் இத்தனை விரித்துரைப்பதற்குக் காரணம் உங்களுள் பலர்க்கு இப்பொழுதே விளங்கியிருக்கும். நம் படிப்பகத்துக்கென்று திரட்டிய உண்டியல் தொகையில் 1,400 ரூபாய் குறைகிறது. கணக்கு இருமுறை பார்க்கப்பட்டது. சென்ற ஒரு மாதமாகச் சித்தூர் அன்பர்கள் திருப்பதி அன்பர்களையும், திருப்பதி அன்பர்கள் சித்தூர் அன்பர்களையும் பற்றிப் பேசும் பேச்சு நம் செவிக்கு எட்டாமல் இல்லை. எவரும் எவர் முகத்துக்கு எதிரே கூவவில்லை; எல்லாம் தேநீர்க்கடைப் பேச்சு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். உண்டியலைச் சுமந்த இளைஞர் நால்வரையும் நிறுத்திச் சத்தியம் வாங்கலாம் என்றார் மற்றொருவர். இரண்டுக்கும் நாம் இசையவில்லை. ஆலை மூடிக்கிடக்கும் இவ்வாண்டில் எடுத்தவர் எக்காற்றில் எடுத்தாரோ நாம் அறியோம். எடுக்காமலே கணக்குப் பிழைத்திருப்பினும் வியப்பில்லை.

வரும் பௌர்ணமிக்கு மறுநாள் மழைக்கால வாசம் தொடங்குகிறது. அதற்கு முந்திய மூன்று இரவும் படிப்பகத்தின் கதவு சாத்தப்படாது. உள்ளே மேசைமேல் உண்டியல் மூடியின்றி இருக்கும். விளக்கு எரியாது. காவலுக்கு எவரும் இரார். நாமும் அம்மூன்று இரவு பழவேற்காட்டுப் பக்கத்தில் நம் உறவினர் இல்லத்தில் தங்கியிருப்போம். காற்று மிகுதியாக இருப்பதால், பணத்தாள் பறவாதபடி உண்டியலின் அருகே ஒரு சிறு கல்லை மட்டும் வைத்துச் செல்வோம்.