ஊர் விவகாரம், உள்விவகாரம்

2025 அக்டோபர் 29 அன்று தான்சானியாவில் தேர்தல் நடந்தது. முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் துண்டு லிசு தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். அவருடைய கட்சி போட்டியிடவே அனுமதிக்கப்படவில்லை. இணையத்தை முடக்கினார்கள். ஊரடங்கு போட்டார்கள். தெருவில் இறங்கியவர்களைச் சுட்டார்கள். ஆட்சியிலிருந்த சாமியா சுலுகு அசன் ஏறத்தாழ 98 விழுக்காடு வாக்கு வாங்கி வென்றதாக அறிவித்தார்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் அனுப்பிய பார்வையாளர்களே இது முறையான தேர்தல் அல்ல என்றார்கள். பார்த்துச் சொன்னால் போதாது, தலையிடுங்கள் என்று அந்தப் பகுதியின் மனித உரிமை அமைப்புகள் அண்டை நாடுகளைக் கேட்டன. இப்படிக் கேட்கும்போதெல்லாம் ஆட்சியாளர்கள் கைவசம் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: இது எங்கள் உள்விவகாரம்.

திருவெள்ளறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தச் செய்தியை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: “வெளியாளு வந்து தீத்து வச்சுட்டுப் போயிடுவான். ராத்திரிக்கு நாமதானப்பா இங்க படுக்கணும்?”

தான்சானியா எந்தத் திசையில் இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியாது. ஆனால் உள்விவகாரம் என்றால் என்னவென்று தெரியும். சேரியில் பிறந்த யாருக்கும் தெரியும். நாடு ‘உள்விவகாரம்’ என்று சொல்வதைத்தான் ஊர் ‘ஊர்க்கட்டுப்பாடு’ என்கிறது.

மேலூர் அருகே மேலவளவு. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் முதலில் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்து நடந்த வாக்குப்பதிவில் பெட்டிகள் சூறையாடப்பட்டன. 1996 டிசம்பர் 31 அன்று காவல்துறை பாதுகாப்போடு நடந்த மறுதேர்தலில் முருகேசன் வென்றார். அதே ஆண்டுகளில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் நடந்தது வேறு மாதிரி. யாரும் மனுப் போடக்கூடாது என்றார்கள். அது முடியாதபோது தங்களுக்கு அடங்கிய ஒருவரை நிறுத்தி, செயிக்க வைத்து, உடனே ராசினாமா எழுதி வாங்கினார்கள். பத்து வருசம் இப்படியே ஓடியது.

காகிதத்தில் பார்த்தால் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மனு வாங்கப்பட்டது, முடிவு அறிவிக்கப்பட்டது, தலைவர் ‘சொந்த விருப்பத்தில்’ விலகினார். உள்ளே இருக்கிற எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு என்று ஊர் சொன்னது. தான்சானியாவின் 98 விழுக்காடும் இந்த மாதிரியான ஒத்துக்கொள்ளல்தான்.

அப்படியானால் ‘உள்’ என்பது யார்? அடிப்படைக் கேள்வி இதுதான். சுயாட்சி, இறையாண்மை, ஊர் ஒற்றுமை எல்லாமே ‘நாங்கள்’ என்ற ஒரு சொல்லின் மேல் நிற்பவை. வாக்காளர் பட்டியலில் நாம் அந்த ‘நாங்க’ளுக்குள் இருக்கிறோம். நாற்காலி என்று வரும்போது வெளியே நிற்கிறோம். வெளியே நிறுத்தப்பட்டவன் வெளியே பார்த்துத்தானே கூப்பிட முடியும்? அதைக் காட்டிக்கொடுத்தல் என்று சொல்வதற்கு, முதலில் அவனை உள்ளே சேர்த்திருக்க வேண்டாமா?

நமது அரசியல் தொடங்கியதே இந்தக் கூப்பிடுதலில்தான். 1930இல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார்கள். அந்நியனிடம் போய் முறையிடுகிறார்கள் என்ற பழி வந்தது. 1946இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் அய்.நா.வுக்கு மனு அளித்தபோது, அதன் படிகளைக் கேட்டு டு போய்சுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களும் அந்த வழியில் போக எண்ணுவதாக அதில் குறிப்பிட்டார்.

அதே 1946இல் இந்தியாவும் அய்.நா.வுக்குப் போனது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நிற வெறியோடு நடத்தப்படுகிறார்கள் என்பது புகார். உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்க அரசு. இந்தியா அதை ஏற்கவில்லை. மனித மாண்புக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதே அதன் நிலை. 55 வருசம் கழித்து, 2001இல், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான அய்.நா. மாநாடு. சாதியையும் பேசுங்கள் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. ஆக, உள்விவகாரம் என்பது கொள்கை அல்ல. அடிக்கிற கை யாருடையது என்பதைப் பொறுத்து மாறும் சொல்.

இதற்காக வெளியிலிருந்து வருபவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. 1987இல் ஈழத்துக்குப் போன இந்திய அமைதிப்படை 1990இல் திரும்பியபோது எதை விட்டுவிட்டு வந்தது என்று தமிழர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோபி அன்னான் வந்தார். 2008 பிப்ரவரியில் இரண்டு தலைவர்களும் ஆட்சியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கொலை நின்றது, அது பெரிய காரியம். ஆனால் செத்தவர் வீட்டுக்கு அந்த ஒப்பந்தத்தில் பங்கு எது?

எங்கள் ஊரில் மார்ப்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. தந்திவர்ம பல்லவன் காலத்தில் வெட்டியது. நாலு பக்கமும் படி, ஒவ்வொரு படியும் மடங்கி இறங்கும். ஒரு துறையில் நிற்பவருக்கு அடுத்த துறையில் நடப்பது தெரியாது. நாலும் தெரிய வேண்டுமென்றால் மேலே கரையில் நிற்க வேண்டும். பார்வையாளர் தேவைப்படுவது அதனால்தான். ஆனால் கரையில் நின்று பார்த்தவன், தண்ணீரில் விழுந்தவனைத் தூக்க இறங்கத்தானே வேண்டும்?

அத்தையின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. முருகேசன் வென்றது வெளியிலிருந்து வந்த காவலால்தான். வாக்கு எண்ணியதும் சனநாயகம் வந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவரை ஊராட்சி அலுவலகத்தில் உட்காரவே விடவில்லை. 1997 சூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பேருந்தில் திரும்பியவரையும், அவரோடு அய்ந்து பேரையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். மறுதேர்தலுக்கும் கொலைக்கும் இடையே ஆறே மாதம். அந்த ஆறு மாதமும் தலையிட்டவர்கள் எங்கே இருந்தார்கள்? 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுவித்தது. வந்த நீதியும் பாதியில் பஸ் ஏறிவிட்டது.

பாப்பாபட்டி உள்ளிட்ட நான்கு ஊராட்சிகளிலும் 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மதுரை ஆட்சியர் உதயசந்திரன் ஊர்களுக்கு நேரில் போய்ப் பேசினார். சட்டம் 1996இல் இருந்த அதே சட்டம்தான். செயல்படுத்துவது என்று அரசு முடிவெடுத்ததுதான் புதிது. முடியாது என்று பத்து வருசம் சொன்னது பொய் என்று அப்போது தெரிந்தது.

அரசை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சில வருசங்களுக்கு முன் உண்மை அறியும் குழு ஒன்றில் ஓர் ஊருக்குப் போனேன். ஊராட்சித் தலைவியான ஒரு தலித் பெண், கூட்டத்தில் தன்னைத் தரையில் உட்கார வைப்பதைச் சொன்னார். தேம்பித் தேம்பிச் சொன்னார். பதிவு செய்தோம், டீ குடித்தோம், சாயங்கால பஸ்ஸில் திருச்சி திரும்பினோம். அறிக்கை நன்றாக வந்தது என்று பலரும் பாராட்டினார்கள். அது வெளியான பிறகு அவர் கணவருக்கு அந்த ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒருமுறை போன் செய்தார். கூட்டத்தில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

அத்தை சொன்ன வெளியாள் நான்தான்.

ஆகவே கூப்பிடுவது தவறா என்ற கேள்வியை நாம் விட்டுவிடலாம். கூப்பிடுவது உரிமை. அதைத் துரோகம் என்பவன் திருட்டில் பங்காளி. கேட்க வேண்டியது வருகிறவர்களை. தேர்தலைக் கண்காணிக்க வரும் நாடானாலும், ஆட்சியரானாலும், நோட்டுப் புத்தகத்தோடு வரும் நாமானாலும், முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்: முடிவு அறிவித்த பிறகு எத்தனை நாள் இருப்பீர்கள்? ராத்திரி கதவு தட்டப்பட்டால் யாருக்குச் சொல்வது? அவர் வருவாரா?

இதற்குப் பதில் இல்லாமல் ஒருவரைப் பேச வைப்பதும் வன்முறைதான்.