ஜீப்பின் மூச்சு

சேரன்மகாதேவிக்கு மேற்கே, மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைப்பாதை பழைய ஜீப்புகளுக்குப் பழகிய தடம். 1940-களின் இறுதியில் மகிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகள் அவை. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் போதும், பிரித்துப் பூட்டிவிடலாம். அந்த எளிமையால்தான் எனக்கு அவற்றின் மேல் தீராத பிரியம்.

ஆனால் ஒரு சின்ன இடத்தை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஓடிச் சூடேறிய அச்சுக்கூடு ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. பிரீதர் என்கிற மூச்சுத்துளை சேற்றில் அடைபட்டிருந்தால், ஆயில் சீல் வழியே தண்ணீர் உள்ளே இழுபடும். கியர் ஆயில் பால் விட்ட தேநீர் நிறத்துக்கு மாறும். அப்புறம் பேரிங், பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தேயும்.

பெரிய டயருக்கும் பம்பருக்கும் பணம் கொட்டுமுன் பிரீதரில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை பானெட்டுக்குள் உயரத்தில் கட்டுங்கள். பழைய ஜீப்புக்கு இதைவிட மலிவான, நல்ல மாற்றம் வேறில்லை.

ஓடையில் இறங்கி வந்தால் வண்டியை இரவு முழுக்க நிறுத்திவையுங்கள். காலையில் அச்சுக்கூட்டின் அடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால், ஆயிலுக்கு முன் அதுதான் சொட்டும்.