பெருமாளுக்குத் திரை உண்டு... உங்களுக்கு?

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு வீட்டு மாடியில், வெள்ளிக்கிழமைதோறும் மாலை வேளையில் சத்சங்கம் நடக்கிறது. இருபது, இருபத்தைந்து பெண்கள் வருவார்கள். விளக்கேற்றி, நாமாவளி சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் நான் பேசுவேன். அப்புறம் சுண்டல். அதற்கப்புறம்தான் உண்மையான சத்சங்கமே தொடங்கும்! மனசில் இருப்பதையெல்லாம் அப்போதுதான் கொட்டுவார்கள்.

ஒரு வாரம் எல்லோரும் போன பிறகும் ஓர் அம்மா மட்டும் படியிறங்காமல் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குரல் தழுதழுத்தது.

''அம்மா, எங்க வீட்டுப் பூஜை ரூமை வந்து பாருங்க. புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு விளக்கெல்லாம் தங்கமா மின்னும். ஒரு நாள் கோலம் தவறினதில்ல. ஆனா சாமி கும்பிட்டு எழுந்தா மனசு தெளியல. யார் எதைக் கேட்டாலும் சுள்ளுனு கோபம் வருது. நைவேத்தியம் பண்ணின கையோட பிள்ளையை அடிச்சிருக்கேன். எனக்கு ஏதும் தோஷமா? பரிகாரம் சொல்லுங்க.''

நான் அவருடைய ஜாதகத்தைக் கேட்கவில்லை. கையைப் பார்த்தேன். புளியும் சோப்புத் தூளும் தின்று, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. தலைமுடி எண்ணெய் கண்டு எத்தனை நாளோ! ''கடைசியாக எப்போது எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்கள்?'' என்று கேட்டேன். யோசித்தார். ''தீபாவளிக்கு'' என்றார். அப்போது ஆவணி மாதம்.

இன்னொன்றும் சொன்னார். அந்த வருஷம் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவுக்கு விரதம் இருந்திருக்கிறார். சர்க்கரை நோய் உள்ளவர். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். வெயிலில் வரிசையில் நின்றவர் மயங்கி விழுந்துவிட்டார். ''அம்மா சோதிச்சுட்டா'' என்றார். அம்மன் என்ன சோதித்தாள்? வெறும் வயிற்றில் அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் இறக்கிவிடும். அது சோதனை அல்ல, நம்முடைய அறியாமை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. நீராகாரமும் பழமும் எடுத்துக்கொண்டு இருந்தால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாளா? அவள் தாய் அல்லவா!

அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பொதுவாகப் பேசியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சகோதரிகளே, நம் பக்கத்து அழகர்கோவில் உங்களுக்குத் தெரியாததில்லை. சித்திரையில் கள்ளழகர் மதுரைக்கு வந்து வைகையில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூடுகிறோம். ஐப்பசியில் அவர் எங்கே போகிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஐப்பசி வளர்பிறையில் தைலக்காப்பு உற்சவம் நடக்கிறது. பல்லக்கில் ஏறி, மலைமேல் இருக்கிற நூபுர கங்கைக்குப் போகிறார். அங்கே மாதவி மண்டபத்தில் அவருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். பிறகு நூபுர கங்கைத் தீர்த்தத்தில் திருமஞ்சனம். நம் வழக்கில் சொன்னால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகவே அழகர் மலையேறுகிறார்!

அழகர் உற்சவ மூர்த்தி அபரஞ்சித் தங்கம் என்பார்கள். நூபுர கங்கைத் தீர்த்தம் அல்லாமல் வேறு தண்ணீரில் அபிஷேகம் செய்தால் திருமேனி கறுத்துவிடும் என்பது ஐதீகம். அதனால் அன்றாடம் அந்தத் தீர்த்தத்தையே கொண்டு வந்து திருமஞ்சனம் செய்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். தங்கமே ஆனாலும், அழகனே ஆனாலும், அவனுக்கென்று ஒரு தண்ணீர், ஒரு தைலம், அதற்கென்று ஒரு நாள் வேண்டியிருக்கிறது. இந்தக் கவனிப்பு குறைந்தால் கறுத்துப் போகும் என்று நம் பெரியவர்கள் பெருமாளுக்கே சொல்லிவைத்திருக்கிறார்கள். சதையும் நரம்புமான நாம் எம்மாத்திரம்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊரிலிருந்து கரூர் சாலையில் போனால் தாடிக்கொம்பு. அங்கே பெருமாளுக்குப் பெயரே சௌந்தரராஜன். அழகர்தான் இங்கே எழுந்தருளினார் என்று தலபுராணம். தாயார் கல்யாண சௌந்தரவல்லி. அந்தக் கோயிலிலேயே தன்வந்திரி பகவானுக்கும் சந்நிதி இருக்கிறது. அமாவாசைதோறும் விசேஷத் திருமஞ்சனம் நடக்கும். பலர் ரங்க மண்டபத்துச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, மருத்துவ தெய்வத்தை அவசரமாக ஒரு கும்பிடு போட்டுக் கடந்துவிடுகிறார்கள். அழகுக்கு ஒரு தெய்வம், ஆரோக்கியத்துக்கு ஒரு தெய்வம் என்று ஒரே மதிலுக்குள் இருவரும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். முகத்தில் பூசுகிற பவுடரால் வருவது ஒளி அல்ல. உடம்பு தேறினால் மனசு தேறும். மனசு தேறினால் முகம் தானாகத் துலங்கும். சௌந்தரராஜனைச் சேவிக்கிற வழி தன்வந்திரி சந்நிதி வழியாகத்தான் போகிறது.

திருமஞ்சனம் நடக்கும்போது அர்ச்சகரை ஒரு தடவை கூர்ந்து கவனியுங்கள். அவசரப்பட மாட்டார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. எந்த அங்கத்துக்கு எப்போது, எவ்வளவு என்று அளவோடு செய்வார். ஈரம் ஒற்றி எடுப்பதுகூட, பிறந்த குழந்தையைத் துவட்டுகிற மாதிரி இருக்கும். அப்புறம், அலங்காரத்துக்குத் திரை போட்டுவிடுவார்கள். கலெக்டரே வந்தாலும் திரைக்கு வெளியேதான் காத்திருக்க வேண்டும். திரை விலகும்போது கிடைக்கிறதே ஒரு தரிசனம், அந்தத் தேஜஸ், திரைக்குப் பின்னால் பொறுமையாகச் செய்த கைங்கரியத்தால் வந்தது.

நம் வீட்டு அம்மாவுக்குத் திரை உண்டா? குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும், ''அம்மா, என் சாக்ஸ் எங்கே?'' என்று ஒரு குரல். ''காப்பி ஆச்சா?'' என்று இன்னொரு குரல். ஐந்தே நிமிஷம், இரண்டு சொம்பு தண்ணீர், ஈரத்தலையைச் சுருட்டி முடிந்துகொண்டு அடுப்படிக்கு ஓட்டம். நானும் முப்பது வருஷம் அப்படி ஓடியவள்தான். குற்றம் சொல்லவில்லை. ஆனால் தெளியாத மனசைக் கொண்டுபோய் சுவாமி முன்னால் வைத்துவிட்டு, 'ஏன் தெளியவில்லை' என்று அவரையே கேட்கிறோமே, அது நியாயமா?

நாங்கள் பேகம்பூரில் விளக்கேற்றுகிற நேரத்துக்குத்தான் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்வார்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கிற இடம் அது. அவர் பெயரால்தான் ஊரே பேகம்பூர். அங்கே தொழ வருகிறவர்கள் நேராக உள்ளே போய்விட மாட்டார்கள். முதலில் ஒளு செய்வார்கள். முகம் கழுவி, முழங்கை வரை கழுவி, ஈரக் கையால் தலை தடவி, கால் கழுவி, அதற்குப் பிறகுதான் தொழுகை. கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் விட்டுவிட்டு வந்து, நிதானமாகச் செய்வார்கள். நம் பாட்டிமார் ''கை, கால் அலம்பிட்டு வந்து சாமி கும்பிடு'' என்றதும் இதைத்தான். வேறு வேறு வாசல். கழுவிக்கொள்வது மட்டும் இரண்டு வாசலிலும் இருக்கிறது.

ஆண்டாள் நாச்சியார் விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? திருப்பாவை இரண்டாவது பாசுரத்தில் நோன்புக்காக எதையெதை விடுகிறாள் என்று சொல்கிறாள். நெய்யை விட்டாள், பாலை விட்டாள், கண்ணுக்கு மையை விட்டாள், தலைக்குப் பூவை விட்டாள். ஆனால் விடியற்காலைக் குளியலை விடவில்லை! அதை அதே பாசுரத்தில் சொல்லிவிடுகிறாள். இருபத்தேழாவது பாசுரத்தில், நம் கூடாரவல்லி நாளில், விட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். நகை, புதுப் புடவை, நெய் வழிகிற பாற்சோறு என்று ஒன்று பாக்கியில்லை. நம்மில் பல பேர் இரண்டாவது பாசுரத்தோடு நின்றுவிட்டோம். விட்டது விட்டதுதான், திரும்ப எடுத்துக்கொள்ள நாள் பார்க்கவே இல்லை.

இதை நான் சொன்னபோது, ஒரு பெரியம்மா எழுந்தார். கணவரை இழந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். ''அம்மா, நீங்க சுமங்கலிகளுக்குச் சொல்றீங்க. எனக்கெதுக்கு எண்ணெயும் சீயக்காயும்? காரைக்காலம்மையார் இந்த உடம்பே வேண்டாம்னு உதறிட்டு பேய் வடிவம் கேட்டாங்களே. அதானே பக்தி?'' என்றார். மாடியே அமைதியாகிவிட்டது.

கேட்க வேண்டிய கேள்விதான். அம்மையார் உடம்பை உதறினார், உண்மை. எப்படி உதறினார்? சலித்துப்போய் விட்டாரா? 'எனக்கென்று யார் இருக்கிறார்கள்' என்று விட்டாரா? இல்லை. இதுவரை கணவனுக்காகச் சுமந்த இந்த அழகு இனி வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டு, அவன் கையில் ஒப்படைத்தார். அது சமர்ப்பணம். தலையால் நடந்து கயிலை ஏறிய அவரை ஈசன் ''அம்மையே'' என்று அழைத்தான். நாம் செய்வது அதுவா? உடம்பைச் சமர்ப்பிக்கவும் இல்லை, பேணவும் இல்லை. மூலையில் போட்ட பாத்திரம் மாதிரி பாசி பிடிக்க விட்டுவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். உடம்பை முதலில் இழிவென்று எண்ணியிருந்த தாம், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலரே திருமந்திரத்தில் சொல்கிறார். அவர் சுமங்கலிக்கு ஒரு மாதிரி, மற்றவர்களுக்கு ஒரு மாதிரி சொல்லவில்லை. பூவும் பொட்டும் அவரவர் மனசைப் பொறுத்தது. எண்ணெயும் வெந்நீரும் கணவர் இருக்கிறாரா என்று கேட்டா உடம்பில் இறங்கும்?

பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவெல்லாம் வேண்டாம். பியூட்டி பார்லருக்குப் போகச் சொல்லவில்லை. போவதில் தப்பும் இல்லை. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று பெரியவர்கள் வைத்த நாள் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் போதும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் தெய்வக் குற்றம் வந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு நல்லெண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டில் காய்ச்சிக்கொள்ளுங்கள். முதல் சொட்டு உச்சந்தலையில். அங்கே வைக்கும்போது உங்கள் இஷ்ட தெய்வத்தின் நாமம் ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு காது மடல், கழுத்து, தோள், நாள் முழுக்கச் சப்பாத்தி தேய்த்த மணிக்கட்டு, எல்லாவற்றையும் தாங்குகிற பாதம். அர்ச்சகர் செய்கிற மாதிரி, ஒவ்வொன்றாக. அந்த நேரத்தில் செல்போன் பக்கத்தில் இருக்கக் கூடாது. நாளைக்கு என்ன குழம்பு என்ற யோசனையும் கூடாது; வரும், வந்தால் திரும்ப நாமத்துக்கு வந்துவிடுங்கள். அரை மணி நேரம் ஊறினால் போதும். அரப்போ சீயக்காயோ போட்டு வெந்நீரில் குளித்துவிட்டு, தலையை நன்றாக உலர்த்துங்கள். அன்றைக்கு ரசமும் துவையலுமாக லேசான சாப்பாடு; பகல் தூக்கம் வேண்டாம். ஜலதோஷம், காய்ச்சல் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா, சைனஸ் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். குளியலறைத் தரையில் எண்ணெய் வழுக்கும். வயதானவர்கள் மணைப் பலகை போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான காரியம் வீட்டில் சொல்வதுதான். ''இந்த ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாதீர்கள்'' என்று கணவரிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாமியார் இருந்தால் அவருக்கும் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். பாதி வீட்டுச் சண்டை அதிலேயே தீரும். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்!

நான்கைந்து வாரம் கழிந்தது. அன்றைக்கு விஷ்ணு சகஸ்ரநாமம் பாதி ஆகிவிட்டது. அந்த அம்மா, அவ்வளவு நாள் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாக வராதவர், மெல்லப் படியேறி வந்தார். ஈரம் உலராத கூந்தலை நுனியில் மட்டும் முடிந்திருந்தார். சாம்பிராணி வாசனை அவருக்கு முன்னால் வந்தது. அவர் உட்கார்ந்த இடம் அந்தப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில். பாராயணம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

''இன்னிக்கு மூணு தடவை கதவைத் தட்டினாங்கம்மா'' என்றார். ''நான் திறக்கல.''